சந்தையிலிருந்து வந்த சமயக்கணக்கர்

ஜான் டெம்பிள்டன் நடத்திய முதலீட்டு நிதிகளின் கூட்டங்கள் ஜெபத்தோடுதான் தொடங்கும். லாப நட்டம் பேசக் கூடுகிற இடத்தில் கடவுளுக்கு என்ன வேலை என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். அதற்கு அவர் தந்த விளக்கம் சுவையானது. நேற்று வாங்கிய பங்கின் விலை இன்று ஏற வேண்டும் என்று நாங்கள் ஜெபிப்பதில்லை, அது பலிக்கிற காரியமில்லை. இன்று எடுக்கும் முடிவு விவேகமாக அமைய வேண்டும் என்றே ஜெபிக்கிறோம் என்ற பொருள்பட அவர் பேசியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த முதலீட்டாளர்களில் ஒருவர், ஆழ்ந்த கிறித்தவர், வேண்டுதலுக்குப் பங்கு விலை அசையாது என்பதில் இவ்வளவு தெளிவாக இருந்தார். அதே மனிதர் நிறுவிய அறக்கட்டளைதான், முன்பின் தெரியாதவர்கள் செய்யும் ஜெபத்தால் இதய அறுவை சிகிச்சை நோயாளிகள் நலமடைகிறார்களா என்று பார்க்கப் பெரும்பணம் கொடுத்தது. பங்குக்குப் பலிக்காதது நெஞ்சுக்குப் பலிக்கலாம் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்? இந்த முரணைப் பிடித்துக்கொண்டு போனால், கடவுளைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை மனிதன் யாரிடமிருந்து கற்றுக்கொள்கிறான் என்ற பழைய கேள்வியில் போய் நிற்போம். அந்தக் கேள்விக்கு டெம்பிள்டன் சொன்ன விடை பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. சரியான பாதியைச் சமயவாதிகள் கேட்கவில்லை. தவறான பாதியை அவரே கடைசிவரை கவனிக்கவில்லை.

அவர் 1912இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். பிரெஸ்பிட்டேரியன் சபைக் குடும்பம். தாய்க்கு ‘யூனிட்டி’ என்ற இயக்கத்தில் ஈடுபாடு. நல்லெண்ணமும் ஜெபமும் உடம்பையும் வாழ்வையும் சீராக்கும் என்று சொல்லும் இயக்கம் அது. யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பெருமந்தம் வந்து வீட்டிலிருந்து வரும் பணம் நின்றுபோனது. உதவித்தொகையும் வேலையும் போக, போக்கர் சீட்டில் ஜெயித்த காசும் சேர்ந்தே படிப்பை முடித்தார். அங்கிருந்து ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிக்குப் போய் 1936இல் சட்டப் படிப்பை முடித்தார். 1954இல் அவர் தொடங்கிய டெம்பிள்டன் வளர்ச்சி நிதியில் அன்றைக்கு 10,000 டாலர் போட்டு, ஈவுத்தொகையையும் எடுக்காமல் விட்டிருந்தால், அவர் நிறுவனத்தை பிராங்க்ளின் குழுமத்துக்கு விற்ற 1992இல் அது சுமார் 20 லட்சம் டாலராகியிருக்கும். 2008இல் பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகரில் 95 வயதில் இறந்தார். வாழ்க்கை வரலாறு என்ற அளவில் இவ்வளவு போதும்.

அவருடைய முதலீட்டு முறையை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் அவர் பேசிய இறையியல் முழுக்க அங்கேதான் முளைத்தது. 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது, தன் பழைய முதலாளியிடம் 10,000 டாலர் கடன் வாங்கி, அமெரிக்கச் சந்தைகளில் ஒரு டாலருக்கும் அதற்குக் கீழும் விற்றுக்கொண்டிருந்த பங்குகள் ஒவ்வொன்றிலும் சுமார் 100 டாலர் போட்டார். மொத்தம் 104 நிறுவனங்கள். அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே திவாலானவை; அவற்றையும் அவர் ஒதுக்கவில்லை. சில ஆண்டுகளில் விற்றபோது பணம் ஏறத்தாழ நான்கு மடங்காகியிருந்தது. அடியோடு ஒன்றுமில்லாமல் போனவை நான்கே. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய துணிச்சலைப் பாராட்டுவது வழக்கம். எனக்கு அதில் தெரிவது வேறு. எது பிழைக்கும் என்று தெரிந்தவன் 104 பங்குகளை வாங்க மாட்டான், ஒன்றை வாங்குவான். எது மூழ்கும், எது மிதக்கும் என்று தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த அறியாமையையே ஒரு வழிமுறையாக மாற்றியதுதான் அவருடைய சாமர்த்தியம். ஊரே அவநம்பிக்கையின் உச்சத்தில் இருக்கும்போது வாங்கு என்ற அவருடைய புகழ்பெற்ற விதியும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஊர் நினைக்கும் நேரத்தில், ஊருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைவில் வைத்திருப்பதே அந்த விதி. மற்றவர்கள் ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில் ஜப்பானிய நிறுவனங்களில் அவர் பணம் போட்டதும், இணைய நிறுவனங்களின் விலை வானத்தில் பறந்த 2000ஆம் ஆண்டில், 87 வயதில், 84 தொழில்நுட்பப் பங்குகளின் விலை விழும் என்று பந்தயம் கட்டி (ஷார்ட் செய்து) கோடிக்கணக்கில் சம்பாதித்ததும் இதன் இரண்டு முகங்கள்.

இந்தப் பணிவு அவருக்குக் கருவிலேயே அமைந்த குணம் என்று சொல்ல முடியாது. சந்தை அதைக் கற்றுக்கொடுக்கும், கற்காதவனை வெளியேற்றிவிடும். ஒரு பங்கைப் பற்றி நான் எவ்வளவு அழகாகப் பேசினாலும், மாலையில் விலை விழுந்தால் விழுந்ததுதான். அதற்கு உரை எழுத முடியாது, உட்பொருள் காண முடியாது, பாத்திரம் அறிந்து பதில் மாற்றிச் சொல்ல முடியாது. தவறை நீண்ட நாள் மூடி வைக்க விடாத ஓர் ஆசிரியர் அங்கே இருக்கிறார். டெம்பிள்டன் சமயத்தின் பக்கம் திரும்பியபோது அவரை உறுத்தியது, அந்த ஆசிரியர் அங்கே இல்லையே என்பதுதான். ஆயிரம் ஆண்டுக்கு முன் சொன்னதையே இன்றும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கும் துறை வேறு எது இருக்கிறது? இரண்டு நூற்றாண்டுகளில் மருத்துவமும் வானியலும் தலைகீழாக மாறிவிட்டன. இறையியல் மட்டும் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறது? கடவுளைப் பற்றி நமக்குத் தெரிந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதை எல்லாச் சபைகளும் ஒப்புக்கொண்டு, மீதியைத் தேடப் புறப்பட வேண்டும் என்றார். ‘பணிவின் இறையியல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். 1972இல் அவர் ஏற்படுத்திய பரிசு தொடக்கத்தில் ‘சமயத்தில் முன்னேற்றத்துக்கான பரிசு’ என்றே அழைக்கப்பட்டது. அதன் தொகை நோபல் பரிசின் தொகையை எப்போதும் மிஞ்ச வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. நோபல் சமயத்தை விட்டுவிட்டதே என்ற மனக்குறை. எதையும் விலையால் மட்டும் மதிக்கப் பழகாதே என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர், ஆன்மிகத்தின் மதிப்பைக் காட்ட ஒரு விலையைத்தான் உயர்த்தினார் என்பதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. தீங்கில்லாத சிரிப்புதான்.

இங்கே முதல் மறுப்பு எழும். பிறர் அஞ்சி விற்கும்போது வாங்கிப் பணம் சேர்த்தவனுக்குப் பணிவைப் பற்றிப் பேச என்ன தகுதி? இந்த மறுப்புக்குத் தோதான ஒரு காட்சி அவர் குடும்பத்தார் எழுதியதிலேயே கிடைக்கிறது. அவருடைய தந்தை வழக்கறிஞர். அலுவலகம் ஊர்ச் சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. கடன்பட்ட விவசாயிகளின் நிலங்கள் அங்கே ஏலத்துக்கு வரும். கேட்க ஆளில்லாமல் போகும் நாளில் தந்தை இறங்கிப் போய் அடிமாட்டு விலைக்கு வாங்குவார். மகனின் விதி அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது. எல்லாரும் விற்கும்போது வாங்குபவன் விற்கிறவனுக்கு உதவிதான் செய்கிறான் என்பது டெம்பிள்டனின் வாதம். அவனும் வாங்கவில்லையென்றால் விலை இன்னும் கீழே போயிருக்கும் என்ற அளவில் அது உண்மை. ஆனால் நிலத்தை இழந்து நிற்கும் விவசாயியின் கண்ணில் அந்த உதவி எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அந்த வாதம் தொடவே இல்லை. 1960களில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, வரி கேட்காத தீவில் குடியேறியதும் இந்தக் கணக்கிலேயே சேரும். ஆகவே மறுப்பில் நியாயம் இருக்கிறது. அது நிறுவுவது எதை என்பதில்தான் கவனம் வேண்டும். தனக்குத் தெரியாது என்று அறிந்த பணிவு, பிறர் துன்பத்துக்கு முன் மனம் குழையும் பணிவாகத் தானாகவே மாறிவிடாது என்பதை அது நிறுவுகிறது. முதலாவது பணிவு பொய் என்பதை அது நிறுவவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். இது பின்னால் வேண்டியிருக்கும்.

கடவுளைப் பற்றி நமக்குத் தெரியாது என்பதைச் சமயங்களுக்கு ஒரு முதலீட்டாளர்தான் வந்து சொல்ல வேண்டுமா என்பது அடுத்த மறுப்பு. சொல்ல வேண்டியதில்லைதான். திருவண்ணாமலையின் கதையே போதும். அடியும் முடியும் தெரியாமல் நெருப்புத் தூணாக நின்ற சிவனை அளக்க ஒருவர் பன்றியாகி நிலத்தைத் துளைத்தார், ஒருவர் அன்னமாகி வானில் பறந்தார். அடியைக் காண முடியவில்லை என்று திருமால் திரும்பி வந்து ஒப்புக்கொண்டார். முடியைக் கண்டேன் என்று பிரமன் பொய் சொன்னார். தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. அளக்க முயன்றது கதையில் குற்றமாகவில்லை. அளக்காததை அளந்தேன் என்று கணக்கு எழுதியதே குற்றம். பொய்த் தணிக்கை அறிக்கைக்குக் கையெழுத்துப் போட்ட தாழம்பூவுக்குச் சிவபூசையில் இன்றும் இடமில்லை. டெம்பிள்டனின் ‘பணிவின் இறையியல்’ இதைவிட ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. ஆனால் கதையாக அறிவதும் நடைமுறையாகக் கொள்வதும் ஒன்றல்ல. அடிமுடி காணாத கதையைக் கோபுரத்தில் சுதையாக வடித்துவிட்டு, அதே கோபுரத்தின் கீழ் நின்று, இந்தப் பரிகாரம் செய்தால் இத்தனை மாதத்தில் கல்யாணம் கூடும் என்று துல்லியமாகச் சொல்கிறவர்களை நாம் தாழம்பூவோடு சேர்த்து ஒதுக்குவதில்லை. டெம்பிள்டன் கேட்டது இந்த இடத்தில்தான் கூர்மையாகிறது: உங்கள் பணிவு பாட்டில் இருக்கிறது, கணக்கில் ஏன் இல்லை?

கணக்கு என்ற சொல்லைத் தெரிந்தேதான் எடுத்தேன். மணிமேகலையின் 27ஆம் காதைக்குப் பெயர் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை. வஞ்சி மாநகரில் மணிமேகலை வேற்றுருவம் கொண்டு, ஒவ்வொரு சமயத்தாரிடமாகச் சென்று உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அவர்களைக் காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் கணக்கர் என்கிறார். கணக்கு என்பது நூலுக்கும் எண்ணுக்கும் பொதுவாக வழங்கிய சொல். முதலில் அவள் கேட்பது அளவைவாதியிடம். அறிவதற்கான வழிகளை வடமொழி பிரமாணம் என்றது. தமிழ் அதை அளவை என்றது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் அளவையில்தான் தொடங்குகிறது; காட்சி, கருதல், உரை என்று அவற்றை வகுத்துக்கொள்கிறது. கடவுளைப் பற்றிப் பேசும் முன், எதைக் கொண்டு அளந்தாய் என்பதைச் சொல் என்ற ஒழுங்கு இந்த மரபில் இருந்தது. அந்த ஒழுங்கின்படி டெம்பிள்டனையே கேட்கலாம். உரை என்னும் அளவை செல்லுவது, சொல்பவர் அந்தப் பொருளில் நம்பத்தக்கவர் என்றால் மட்டுமே. பங்கு வாங்குவதில் ஒருவர் நம்பத்தக்கவர் என்பதால் பரம்பொருளைப் பற்றியும் நம்பத்தக்கவர் ஆகிவிடமாட்டார். பணக்காரரின் தத்துவத்துக்கு நாம் தரும் மரியாதையில் பாதி அவருடைய பணத்துக்குத் தருவது. இதை டெம்பிள்டன் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். தன்னை நம்பச் சொல்லாமல், காட்சியையும் கருதலையும் நம்பச் சொன்னதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. அதற்காகத்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஜெபச் சோதனை.

ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் தலைமையில், அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில், இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். உங்களுக்காக ஜெபம் செய்யப்படலாம், செய்யப்படாமலும் போகலாம் என்று முதல் இரண்டு குழுக்களிடம் சொன்னார்கள். ஒரு குழுவுக்காக ஜெபம் நடந்தது, இன்னொன்றுக்காக நடக்கவில்லை. மூன்றாவது குழுவிடம் உங்களுக்காக நிச்சயம் ஜெபம் செய்யப்படும் என்று சொல்லி, அப்படியே செய்தார்கள். ஜெபித்தவை மூன்று கிறித்தவக் குழுக்கள். நோயாளியின் முதற்பெயரும் அடுத்த பெயரின் முதலெழுத்தும் மட்டுமே அவர்களிடம் தரப்பட்டன. அறுவைக்கு முந்தைய இரவு தொடங்கி 14 நாள் ஜெபம். முடிவு 2006இல் வெளியானது. ஜெபம் பெறுகிறோமா என்று தெரியாத இரண்டு குழுக்களில், பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல். ஜெபத்தால் பலன் தெரியவில்லை. நடக்கிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே அல்லல்பட்டார்கள். நமக்காக ஊரே ஜெபிக்க வேண்டிய நிலைக்கா வந்துவிட்டோம் என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு, அது ஊகம்தான்.

இதைப் படிக்கும் தமிழருக்கு மதுரை நினைவுக்கு வராமல் போகாது. அனல்வாதம், புனல்வாதம் என்று பெரியபுராணம் சொல்வதும் ஒரு சோதனையே. சம்பந்தரின் ஏடும் சமணரின் ஏடும் தீயில் இடப்பட்டன, வைகையில் விடப்பட்டன; எரியாத ஏடும் எதிர்நீச்சல் போட்ட ஏடும் வென்ற சமயத்தின் சான்றாயின. அது வரலாறா என்பது தனி விவாதம். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. சமயம் உலகத்தில் நடக்கும் ஒன்றால் நிறுவப்படலாம் என்பதை அந்தக் கதை தயங்காமல் ஒப்புக்கொள்கிறது. அப்படி ஒப்புக்கொண்டால், ஏடு ஆற்றோடு போகும் நாளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாதத்தில் தோற்றவர்கள் கழுவேறினார்கள் என்று அந்தக் கதை முடிகிறது. தோல்வியின் விலை உயிரானால் யாரும் எதையும் கற்க முடியாது. 2006இல் ஏடு ஆற்றோடு போனது. பணம் கொடுத்தவர்களுக்கு எதிரான முடிவு பூசி மெழுகப்படாமல் அச்சேறியது. சமய வரலாற்றில் இது அபூர்வம் என்பது என் மதிப்பீடு.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது. நாத்திகர்கள் இதை எடுத்துக்கொண்டு, ஜெபம் பொய் என்று நிரூபணமாகிவிட்டது என்றார்கள். அது மிகை. உறவினரும் நண்பரும் தாங்களாகவே செய்யும் ஜெபத்தை எந்த மருத்துவமனையும் தடுக்க முடியாது. அன்னியர் கூடுதலாகச் செய்யும் ஜெபம் மட்டுமே அங்கே அளக்கப்பட்டது. விசுவாசிகள், கடவுளைச் சோதிக்கக் கூடாது என்றார்கள். வனாந்தரத்தில் சாத்தானிடம் இயேசு மறுத்ததே இதைத்தானே என்றார்கள். இந்த மறுப்புக்கு உள்ள கௌரவத்தை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் இது எல்லாச் சமயப் பேச்சுக்கும் பொருந்தாது. எனக்கு எதுவும் வேண்டாம், உன்னைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று நிற்கும் பக்தனை எந்தப் புள்ளிவிவரமும் தொடாது. குழந்தை பிழைத்தால் மொட்டையடிக்கிறேன், வழக்கு ஜெயித்தால் வேல் சாத்துகிறேன் என்று நேர்ந்துகொள்கிறவன் ஓர் ஒப்பந்தம் போடுகிறான். ஒப்பந்தம் என்று வந்த பிறகு கணக்குக் கேட்பது முறைகேடாகாது. பலித்தபோது கோயிலின் பெருமை, பலிக்காதபோது கர்மத்தின் குறை என்று எழுதும் பேரேட்டில் நட்டம் என்ற பத்தியே கிடையாது. சந்தையில் அப்படிப் பேரேடு எழுதினால் சிறை. எனவே சோதனை தொட்டது வேண்டுதலின் உலகியல் உரிமைகோரலை மட்டும். அதைத் தொட அதற்கு முழு உரிமை உண்டு. பங்கு விலைக்காக ஜெபிப்பது பலிக்காது என்று சொன்ன நாளிலேயே டெம்பிள்டன் இந்த முடிவைப் பாதி சொல்லிவிட்டார் என்பதுதான் வேடிக்கை.

அவருடைய பிழை வேறிடத்தில் இருக்கிறது. 104 பங்குகளில் 100 டாலர் வீதம் பிரித்துப் போட முடியும். 104 கடவுளரில் வாழ்க்கையைப் பிரித்துப் போட முடியாது. சந்தையில் பணிவாக இருப்பது அவருக்கு மலிவாகக் கிடைத்தது, ஏனென்றால் எந்த ஒரு தவறும் அவரை மூழ்கடிக்காதபடி பரப்பி வைத்திருந்தார். சமயத்தின் பேரில் மனிதர்கள் செய்யும் பெரிய காரியங்கள் பரப்பி வைப்பவை அல்ல. ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதியை விளக்க ஓர் உவமை சொல்வார்கள். அனுமனைப் பிரம்மாஸ்திரம் கட்டியிருந்தது. அது போதாதோ என்று அரக்கர்கள் கயிறு கொண்டு வந்து மேலும் கட்டினார்கள். கயிறு பட்டதும் அஸ்திரம் தானாக விலகிப் போனது. இன்னொரு உபாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பற்றுகிற பற்று பற்றே ஆகாது என்பது உவமையின் கருத்து. முதலீட்டு மொழியில் பாதுகாப்பு என்று சொல்லப்படுவது சரணாகதியின் மொழியில் அவநம்பிக்கை. ஒருவேளை அந்தப் பங்கு மூழ்கிவிட்டால் என்று இன்னொன்றையும் வாங்கி வைப்பவனைச் சந்தை புத்திசாலி என்கிறது; ஆசாரியர் அவனைப் பார்த்து நீ இன்னும் சரணடையவே இல்லை என்பார்.

அப்படியானால் ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பொய் என்கிற வெறிக்கு இது வழிவிடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. டெம்பிள்டன் அஞ்சியதும் அந்த வெறியைத்தான். ஆனால் அவர் இரண்டு பொருள்களை ஒன்றாகக் கட்டிவிட்டார். கடவுளைப் பற்றி நான் சொல்லும் வாக்கியங்கள் ஒன்று. கடவுளின் பேரில் நான் வாழும் வாழ்க்கை இன்னொன்று. வாக்கியங்களில் எவ்வளவு சந்தேகம் இருந்தாலும் வாழ்க்கையை முழுதாகக் கொடுக்க முடியும். தாய் தன் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்வாள். அதனால் அன்பை நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு போட மாட்டாள். அறிவில் அடக்கம், ஈடுபாட்டில் முழுமை என்ற இந்தச் சேர்க்கைக்குச் சந்தையில் முன்மாதிரி இல்லை. அங்கே இரண்டும் ஒரே எண்ணில் அளக்கப்படுகின்றன. எனவே சந்தை கற்றுக்கொடுத்த பணிவைச் சமயத்துக்குக் கொண்டுவந்தவர், வாக்கியங்களைத் திருத்துவதற்கான கருவியைத்தான் கொண்டுவந்தார். அது வேண்டிய கருவி. அதைக் கொண்டு வாழ்க்கையை அளக்க முடியாது என்பதை அவருடைய அறக்கட்டளை முழுதாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பணத்தின் மேல் உள்ள குற்றச்சாட்டையும் பார்த்துவிட வேண்டும். ரிச்சர்ட் டாக்கின்ஸ் முதலான விமர்சகர்கள், சமயத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் விஞ்ஞானிகளைத் தேடிக் கொடுக்கும் பரிசு இது என்று சாடினார்கள். பணம் பதில்களை வாங்கிவிடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு 2006இன் சோதனையே மறுப்பு. ஆனால் பணம் கேள்விகளை வாங்கிவிடும் என்ற நுட்பமான குற்றச்சாட்டு நிற்கிறது. எதைக் கேட்க நிதி கிடைக்கிறதோ அதுவே கேட்கப்படும், கேட்கப்படாதது மறந்துபோகும். பரிசு பெற்றவர்களின் வரிசையைப் பாருங்கள். 2000இல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன், 2005இல் சார்லஸ் டவுன்ஸ், 2006இல் ஜான் பாரோ, 2011இல் தனக்குச் சமய நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன வானியலாளர் மார்ட்டின் ரீஸ். எல்லாரும் பெரிய அறிவாளிகள். ஆனால் பேரண்டத்தின் தொடக்கத்தைப் பற்றிய வியப்பு எப்படிச் சமயத்தின் முன்னேற்றம் ஆகும்? சாத்தனாரும் இந்தக் குற்றத்திலிருந்து முழுதாகத் தப்பவில்லை. மணிமேகலை எந்தக் கணக்கரிடம் கேட்டாலும் கடைசியில் பௌத்தமே வெல்லும் என்று காப்பியம் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. கேட்பவரின் பையில் விடை ஏற்கெனவே இருப்பது பழைய நோய்.

பரிசு வரிசையில் 1975இல் ஒரு பெயர் நின்று பார்க்க வைக்கிறது: திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். டெம்பிள்டன் ஆக்ஸ்போர்டைவிட்டுக் கிளம்பிய அதே 1936இல் அங்கே கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியராகச் சென்றவர். சமய அனுபவம் தனக்குத் தானே சான்று, வேறு அளவை அதற்கு வேண்டாம் என்பது அவர் நிலை. டெம்பிள்டனின் சோதனைக் கண்ணோட்டத்துக்கு இதைவிட எதிரான நிலை கிடைக்காது. அதனால்தான் இந்தப் பொருத்தம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் ராதாகிருஷ்ணன் தன் நிலைக்கு வந்தது அனுபவத்தால் மட்டுமல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தபோது, மிஷனரி ஆசிரியர்கள் இந்து சமயத்தின் மேல் வைத்த விமர்சனம் தன் நம்பிக்கையைக் கலைத்தது என்றும், அதுவே தன்னை அந்தச் சமயத்தை ஊன்றிப் படிக்க வைத்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். சமயத்தில் நட்டம் காட்டும் ஆசிரியர் இல்லை என்று டெம்பிள்டன் நினைத்த இடத்தில் அந்த ஆசிரியர் உட்கார்ந்துதான் இருந்தார். அவர் ஆய்வகத்தில் இல்லை. எதிர் வீட்டில், வேறொரு வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உன் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர் என்னைக் கேட்கும் கேள்வி, விலை விழுந்த மாலையைப் போலவே, என் உரையால் மூட முடியாதது. கண்ணால் காண்பது மட்டுமே மெய் என்ற பூதவாதியிடம் மணிமேகலை கேட்டது அப்படிப்பட்ட ஒன்று: உன் தாய் தந்தையரை நீ கருதல் அளவையால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? பரிசுப் பணம் முழுவதையும் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். பரிசு பெற்ற அந்த ஆண்டு ஏப்ரலிலேயே காலமானார்.

டெம்பிள்டன் பரிசு முதன்முதலில், 1973இல், வழங்கப்பட்டது கல்கத்தாவின் தெருக்களில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிவந்த அன்னை தெரசாவுக்கு. நோபல் குழு அவரைக் கவனிக்க இன்னும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1990இல் தொழுநோயாளிகளோடு வாழ்ந்த பாபா ஆம்தே அதைப் பகிர்ந்துகொண்டார். பிறகுதான் இயற்பியலாளர்களின் வரிசை நீண்டது. தெரியாததைத் தேடுவதே முன்னேற்றம் என்று நம்பியவரின் பரிசு அப்படி நகர்ந்ததில் வியப்பில்லை. சாத்தனார் வைத்த வரிசை வேறு. 27ஆம் காதையில் மணிமேகலை சமயக்கணக்கர் எல்லாரையும் கேட்டு முடிக்கிறாள். 29இல்தான் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். நடுவில் இருக்கும் 28ஆம் காதையில் அவள் காஞ்சிக்குள் நுழைகிறாள். ஊரில் மழை பொய்த்துப் பஞ்சம். எந்தச் சமயம் மெய் என்று இன்னும் முடிவாகவில்லை. அமுதசுரபியை எடுத்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறாள்.